உத்தரத்தில் தொங்கும் கம்பி: வீட்டில் செய்த விஆர் தலைப்பெட்டி

வீட்டில் செய்த விஆர் (கணினி காட்டும் மெய்நிகர் உலகம்) தலைப்பெட்டியை மாட்டிக்கொண்டு ஒருவர் பத்து நிமிடம் நேராகப் பார்த்தபடி உட்காரட்டும். தொடங்கும்போது மூக்குக்கு நேரே இருந்த கதவு, பத்தாவது நிமிடத்தில் ஓரமாகப் போயிருக்கும். அவர் திரும்பவில்லை, உலகம்தான் திரும்பியிருக்கிறது. கைரோ சென்சாரை மட்டும் நம்பிச் செய்யும் எல்லாப் பெட்டிகளிலும் இந்தக் கோளாறு உண்டு. கைரோ சொல்வது சுழலும் வேகத்தை மட்டும். அதைக் கூட்டிக் கூட்டித்தான் கோணம் கிடைக்கிறது. அசையாமல் இருக்கும்போதும் விநாடிக்கு 0.02 டிகிரி என்று ஒரு பொய் மிச்சமிருந்தால் நிமிடத்துக்கு 1.2 டிகிரி, பத்து நிமிடத்துக்கு 12 டிகிரி ஆகிவிடும்.

குனிவதிலும் நிமிர்வதிலும், தலையைத் தோள்பக்கம் சாய்ப்பதிலும் இந்தத் தொல்லை இல்லை. புவியீர்ப்பு எந்தப் பக்கம் என்று முடுக்கமானி சொல்லிக்கொண்டே இருப்பதால் பிழை சேர்வதற்குள் திருத்திக்கொள்ளலாம். இடது வலதாகத் திரும்பும்போது ஈர்ப்பின் திசை மாறுவதில்லை, அதனால் திருத்த ஆதாரமும் இல்லை. திசைகாட்டி சென்சார் சேர்த்தால் போதும் என்பார்கள். செங்கோட்டையிலிருந்து புளியரை வரை எந்த வீட்டுக்குள்ளும் அதை வைத்துப் பாருங்கள். இரும்பு பீரோ, தகரக் கூரை, குழாய்த் தூண் என்று ஒவ்வொன்றும் முள்ளைத் தன் பக்கம் இழுக்கும். இரண்டடி நகர்ந்து உட்கார்ந்தால் வடக்கே மாறிவிடும்.

இதற்கு 1968-லேயே ஒரு பதில் இருந்தது: உத்தரத்திலிருந்து ஒரு கம்பி.

அந்த வருடம் டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணினி மாநாட்டில் அமெரிக்கக் கணினி விஞ்ஞானி ஐவன் சதர்லேண்ட் தன் தலைக் காட்சிக் கருவியைப் பற்றிக் கட்டுரை அளித்தார். கண்ணுக்கு ஒன்றாக இரண்டு சின்னப் படக்குழாய்கள், பாதி வெள்ளி பூசிய கண்ணாடிகள், சுமார் 40 டிகிரி பார்வைப் பரப்பு. கம்பிக்கூடு போன்ற கோட்டு உருவங்கள் அறைக்குள் மிதப்பதுபோலத் தெரியும். தலை எங்கே இருக்கிறது என்று அறிய இரண்டு வழிகளை வைத்திருந்தார்கள். ஒன்று மீயொலி: தலையில் 37, 38.6, 40.2 கிலோஹெர்ட்ஸ் என மூன்று ஒலிபரப்பிகள், கூரையில் நான்கு வாங்கிகள். அலையின் கட்டம் மாறுவதை எண்ணிக்கொண்டே போகும் முறை இது. இன்னொன்று இயந்திரக் கை: கூரையிலிருந்து இறங்கும், ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் இரண்டு குழாய்கள், இரு முனையிலும் யுனிவர்சல் ஜாயிண்ட் (எந்தப் பக்கமும் மடங்கி, சுழற்சியையும் கடத்தும் மூட்டு). தலைக்கு மேல் கத்தி தொங்குவதுபோல இருந்ததால் 'டாமக்ளீஸின் வாள்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எண்ணிக்கை வைத்து ஓடும் எந்த முறையும் ஒருமுறை எண்ணத் தவறினால் தவறியதுதான். கம்பி எண்ணுவதில்லை, இருக்கும் கோணத்தை அப்படியே காட்டுகிறது. அரைமணி கழித்தும் அதே கோணம்தான்.

எனவே இங்கே செய்தது சதர்லேண்டின் இயந்திரக் கையில் மூன்றில் ஒரு பங்கு. குனிவதையும் சாய்வதையும் எம்பியு6050 (கைரோவும் முடுக்கமானியும் சேர்ந்த சில்லு) பார்த்துக்கொள்கிறது, திரும்புவதற்கு மட்டும் கம்பி. இடம் ஒரு ஓட்டு வீட்டின் பட்டாசாலை. தரையிலிருந்து உத்தரம் 2.7 மீட்டர். ஸ்டூலில் உட்கார்ந்தால் உச்சந்தலை சுமார் 1.3 மீட்டர்.

பெட்டி

திரைக்கு 5.5 அங்குல எல்சிடி பேனல், 2560க்கு 1440 புள்ளி, எச்டிஎம்ஐ போர்டோடு சேர்ந்து வருவது. அகலம் 121.8 மி.மீ., ஆக ஒரு கண்ணுக்கு 60.9 மி.மீ. லென்ஸ் 25 மி.மீ. விட்டம், 45 மி.மீ. குவியத் தூரம். 2014-ல் கூகுள் கார்ட்போர்ட் (போனைச் செருகிப் பார்க்கும் அட்டைப்பெட்டி) வந்தபோது பழக்கமான அதே அளவுதான், அதனால் எங்கும் கிடைக்கிறது.

கடைக்காரர் சொல்லும் 45-ஐ நம்பாமல் அளந்து பாருங்கள். சன்னலுக்கு எதிர்ச்சுவர் பக்கம் நின்று, லென்ஸைச் சுவரிலிருந்து மெல்ல விலக்கினால், வெளியே நிற்கும் தென்னை ஒரு இடத்தில் தலைகீழாக, ஓலை ஓலையாகத் தெளிவாகச் சுவரில் விழும். சுவருக்கும் லென்ஸுக்கும் நடுவே உள்ள தூரம்தான் குவியத் தூரம். ஆறு லென்ஸ் வாங்கி, அளவு ஒத்துப்போகும் இரண்டை எடுத்துக்கொள்வது நல்லது. ஒன்று 44, இன்னொன்று 45 என்று அமைந்து, திரை 43 மி.மீ.-ல் இருந்தால், ஒரு கண்ணுக்குப் படம் சுமார் 1.9 மீட்டரிலும் மற்றதற்கு 97 செ.மீ.-லும் நிற்கும். 'ஏதோ சரியில்லை, ஆனால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை' என்ற தலைவலி பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

திரைக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் விலை உண்டு. 45 மி.மீ. குவியத்துக்குத் திரை 44-ல் இருந்தால் படம் 2 மீட்டரில் தோன்றும், 43-ல் 97 செ.மீ., 42-ல் 63 செ.மீ. சரியாக 45-ல் வைத்தால் வெகுதூரம். 45-ஐத் தாண்டினால் சாதாரணக் கண்ணுக்குத் தெளியாது. 43.5-ல் வைப்பது பொதுவாக ஒத்துவரும். மைனஸ் 2 பவர் கண்ணாடி போடுபவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு 41.3 மி.மீ.-க்கு இழுத்துக்கொள்ளலாம். அதற்காகவே திரைப் பலகையை ஒட்டிவிடாமல், நீளத் துளையும் 3 மி.மீ. போல்ட்டும் வைத்து முன்பின் நகர்த்தும்படி விட்டோம். கண்ணாடியோடு பெட்டியை மாட்டினால் கண் லென்ஸிலிருந்து 25 மி.மீ. விலகிப்போகும். கணக்குப்படி வரவேண்டிய 68 டிகிரி அப்போது 53-க்குச் சுருங்கி, ஓட்டை வழியே எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும்.

லென்ஸ்களின் நடுத்தூரம் 63 மி.மீ. திரைப் பாதிகளின் நடுத்தூரம் 60.9. இந்த வித்தியாசம் கெடுதல் இல்லை, நிரலில் படத்தை ஆளுக்கு 1 மி.மீ. வெளியே தள்ளினால் சரி. ஆனால் படங்களின் நடுத்தூரம் லென்ஸ் தூரத்தைவிட ஒருபோதும் கூடக்கூடாது. கண்கள் உள்ளே திரும்பப் பழகியவை, வெளியே விரியத் தெரியாதவை. 7 அங்குலத் திரையை வாங்கிவிட்டு அதன் முழு அகலத்தையும் பயன்படுத்துபவர்கள் இந்தக் குழியில்தான் விழுகிறார்கள். 2013-ல் வந்த ஆக்குலஸ் நிறுவனத்தின் முதல் டெவலப்பர் கிட்டிலும் (நிரல் எழுதுபவர்களுக்கான தலைப்பெட்டி) 7 அங்குலத் திரைதான், 1280க்கு 800. அதில் படத்தை உள்நோக்கி நகர்த்தி, திரையின் வெளி ஓரங்களுக்கு அதிக இடம் விட்டிருந்தார்கள்.

லென்ஸ் படத்தின் ஓரங்களை வெளியே இழுப்பதால் நேர்க்கோடு உள்நோக்கி வளைந்து தெரியும். அதற்கு எதிராக, நிரலிலேயே படத்தைப் பீப்பாய்போல உப்ப வைத்து அனுப்ப வேண்டும். நடுவிலிருந்து உள்ள தூரத்தை 1 + கே1 × தூரத்தின் வர்க்கம் + கே2 × தூரத்தின் நான்காம் படி என்பதால் பெருக்குவது வழக்கமான சூத்திரம். அந்த டெவலப்பர் கிட்டுக்குக் கே1 0.22, கே2 0.24. நம் லென்ஸுக்கு அந்த எண் ஒத்துவராது. கோலம் போடும் புள்ளிக் கட்டம்போல ஒரு சதுரக் கட்டத்தைத் திரையில் காட்டி, கோடு நேராகும்வரை கே1-ஐ 0.02 படிகளாக மாற்றிப் பார்ப்பதே விரைவான வழி. சிவப்பும் நீலமும் ஓரத்தில் பிரிந்து தெரிந்தால் மூன்று நிறத்துக்கும் தனித்தனிப் பெருக்கம் கொடுக்க வேண்டும்.

இந்த உப்ப வைக்கும் யோசனை புதிதல்ல. எரிக் ஹவ்லெட் 1970-களின் இறுதியில் உருவாக்கிய லீப் லென்ஸ்களில், கேமரா லென்ஸ் படத்தைச் சுருக்கிப் பிடிக்கும், பார்க்கும் லென்ஸ் அதை விரிக்கும். முப்பரிமாண நிழற்படங்களுக்காகச் செய்தது அது. 1980-களின் நடுவில் நாசா ஏம்ஸ் மையத்தில் மைக்கேல் மெக்ரீவி குழுவினர், கையடக்க டிவியிலிருந்து எடுத்த எல்சிடி திரைகளின் முன்னால் இந்த லென்ஸை வைத்தார்கள். நாசாவே கடைச்சரக்கைப் பிரித்து ஒட்டியிருக்கிறது என்பது நமக்குக் கொஞ்சம் ஆறுதல்.

பெட்டிக்குக் கார்ட்போர்ட் வேண்டாம். இங்கே ஜூனிலிருந்து சாரல். இரண்டு வாரத்தில் அட்டை நமுத்து, 43.5 மி.மீ. 42 ஆகிவிடும். 5 மி.மீ. ஃபோம் போர்டில் வெட்டி, உட்புறம் மேட் கறுப்பு அடித்து, ஓரங்களுக்குப் பேக்கிங் டேப் ஒட்டினால் ஈரம் ஏறாது. முகம் படும் இடத்தில் சாதா ஸ்பாஞ்ச் வியர்வையை உறிஞ்சி நாறும். மலைக்கு அந்தப்பக்கம் புனலூர் வட்டாரத்தில் கிடைக்கும் ரப்பர் ஃபோமை 15 மி.மீ. கனத்தில் வெட்டி, மேலே துவைக்கக்கூடிய பருத்தித் துணி உறை போட்டால் நன்றாக இருக்கும். மேல்பக்கம் 6 மி.மீ. துளை நான்கு. துளையில்லாவிட்டால் மூச்சு ஈரம் மூன்றே நிமிடத்தில் லென்ஸை மறைத்துவிடும். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். கண்ணாடி லென்ஸாக இருந்தால் ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். அக்ரிலிக்கில் பூஞ்சை குறைவு, கீறல் அதிகம்.

பேனலைப் பற்றி ஒரு விஷயம், இதை விற்பவர்கள் சொல்வதில்லை. இது போனுக்காகச் செய்த நெட்டுவாக்குத் திரை. படத்தை அது குறுகிய ஓரத்திலிருந்து வரிவரியாக எழுதும். படுக்கவைத்துப் பயன்படுத்தும்போது அந்த வரிகள் இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ ஓடும். விநாடிக்கு 60 படம் என்றால் ஒரு கண்ணின் படம் மற்றதைவிட சுமார் 8 மில்லிவிநாடி பிந்தி வரும். வேகமாகத் திரும்பும்போது பொருள்களின் ஆழம் ஒரு கணம் தப்பாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். நிரலில் பிந்தும் கண்ணுக்கு 8 மில்லிவிநாடி முன்கணிப்புக் கொடுத்தால் சரியாகிறது.

மின்சாரம் இன்னொரு இடறல். மெல்லிய 28 கேஜ் யுஎஸ்பி வயர் 3 மீட்டர் என்றால், போகவர 6 மீட்டர், சுமார் 1.3 ஓம். 0.8 ஆம்பியர் இழுக்கும்போது 1 வோல்ட் வயரிலேயே போய்விடும். திரை மின்னி மின்னி அணைந்தால் போர்டைக் குறை சொல்லாதீர்கள். தடித்த 22 கேஜ் வயர் போட்டால் இழப்பு கால் வோல்ட்டுக்கு இறங்கிவிடும்.

கம்பி

இனி முக்கியமான வேலை. அலுமினியச் சதுரக் குழாய் இரண்டு: வெளியே 15 மி.மீ., உள்ளே 12 மி.மீ., இரண்டும் 1 மி.மீ. கனம், ஆளுக்கு 90 செ.மீ. சன்னல் செய்யும் பட்டறைகளில் துண்டுகளை எடைக்கு விடுவார்கள். தென்காசிப் பக்கம் பழைய இரும்புக் கடை, மலை தாண்டினால் ஆக்ரிக் கடை, சரக்கு ஒன்றுதான். வட்டக் குழாய், பழைய ரேடியோ ஏரியல், செல்ஃபி குச்சி எதுவும் ஆகாது. அவை நீளும், ஆனால் தானே சுழன்று திருப்பத்தை விழுங்கிவிடும்.

வெளிக்குழாயின் உள்ளளவு 13 மி.மீ. அதற்குள் 12 மி.மீ. போனால் 1 மி.மீ. தளர்வு. பார்க்கச் சின்னதுதான். ஆனால் கணக்குப் போட்டால் உள்குழாய் இரண்டு பக்கமும் 5 டிகிரி ஆடும், மொத்தம் 10! ஓஎச்பி ஷீட் (மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக்) துண்டுகளை ஒட்டித் தளர்வை 0.2 மி.மீ.-க்குக் குறைத்தாலும் பக்கத்துக்கு 1 டிகிரி ஆட்டம் மிச்சம். இன்னும் இறுக்கினால் குழாய் வழுக்காமல் சிக்கிக்கொண்டு, குனியும்போது தலையை மேலே இழுக்கும். கடைசியில் பயன்பட்டது தண்ணீர் பாட்டிலிலிருந்து வெட்டிய பட்டை. 8 மி.மீ. அகலம், 60 மி.மீ. நீளம், பாட்டிலின் இயல்பான வளைவு அப்படியே இருக்க வேண்டும். உள்குழாயின் மேல்முனையில், அடுத்தடுத்த இரண்டு முகங்களில் ஒவ்வொன்று. பட்டையின் ஒரு முனையை மட்டும் ஒட்டி, மறுமுனையை விட்டுவிட்டால் அது வில்போலத் தள்ளிக்கொண்டு, குழாயை எப்போதும் ஒரே மூலைக்கு அழுத்தும். வழுக்குவதற்கு மெழுகுவர்த்தி தேய்த்தால் போதும். எண்ணெய் போட்டால் ஓட்டுத் தூசி விழுந்து பசையாகிவிடும்.

மேல்முனை: உத்தரத்தில் ஒரு 18 மி.மீ. ப்ளைவுட் துண்டு, அதில் 608 பேரிங் இரண்டு, ஒன்றுக்கொன்று 40 மி.மீ. இடைவெளியில். உள்ளே 8 மி.மீ. அலுமினிய ராடு. ராடின் கீழ் யுனிவர்சல் ஜாயிண்ட், அதன் கீழ் வெளிக்குழாய். உள்குழாயின் அடியில் இன்னொரு ஜாயிண்ட், அது பெட்டியின் உச்சியில் போல்ட் ஆகும். ரிமோட் கார்களுக்கு விற்கும் எஃகு ஜாயிண்ட் எடையைத் தாங்கும், ஆட்டமும் குறைவு.

ஜாயிண்ட் மாட்டுவதில் இரண்டு விதி உண்டு. மேல் ஜாயிண்டில் குழாயோடு சேரும் கவையும், கீழ் ஜாயிண்டில் குழாயோடு சேரும் கவையும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். சாய்ந்த கம்பி வழியே சுழற்சி போகும்போது ஒரு ஜாயிண்ட் கூட்டும் பிழையை மற்றது கழிக்கும். 90 டிகிரி மாற்றி மாட்டினால் கழிவதற்குப் பதில் இரட்டிப்பாகும். ஒருவர் 40 செ.மீ. முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் கம்பி சுமார் 16 டிகிரி சாயும். ஒரு ஜாயிண்டின் பிழை அப்போது 1.1 டிகிரி, தவறாக மாட்டினால் 2.2. அடுத்தது, கீழ் ஜாயிண்டில் பெட்டியோடு சேரும் ஊசி காதுக்குக் காது போகும் திசையில் இருக்கட்டும். அப்போது தலையாட்டினால் பெட்டி அந்த ஊசியிலேயே ஆடும், கம்பி திரும்பாது. குறுக்கே வைத்துவிட்டால், தலையைக் கொஞ்சம் சாய்த்தபடி 'ஆமாம்' என்று ஆட்டினாலே படம் லேசாக 'இல்லை' என்று ஆடும்.

உள்குழாய் சுமார் 107 கிராம், அது முழுக்கத் தலைமேல்தான் நிற்கும். வெளிக்குழாயில் ஒரு சின்ன உருளை மாட்டி, நூலின் ஒரு முனையில் உள்குழாயையும் மறுமுனையில் அதே எடைக்கு நட்டுகளையும் கட்டினால் பாரம் தெரியாது. நூல் குழாயோடு சேர்ந்தே சுற்றும்படி கட்ட வேண்டும், உத்தரத்தில் கட்டினால் முறுக்கும். ஆரியங்காவுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் சன்னலைச் சாத்திவிடுங்கள். காற்றில் குழாய் ஊசலாடினால் நட்டுகள் அதில் மணியடிக்கும்.

சென்சார்

கோணத்தை அளக்க முதலில் 10 கே (கிலோ ஓம்) வால்யூம் கன்ட்ரோல் போட்டுப் பார்த்தது. 300 டிகிரிக்கு 1024 படி, ஒரு படிக்கு 0.29 டிகிரி. இந்தத் திரையில் ஒரு டிகிரிக்கு சுமார் 19 புள்ளி என்பதால் ஒவ்வொரு படிக்கும் படம் 5 புள்ளி குதிக்கும். 300 டிகிரியில் முட்டியும் நின்றுவிடும்.

மாற்றாக ஏஎஸ்5600: காந்தம் சுழலும் கோணத்தைத் தொடாமல் படிக்கும் சில்லு, முழு வட்டத்துக்கு 4096 படி, படிக்கு 0.088 டிகிரி. காந்தம் குறுக்குவாட்டில் வட தென் துருவம் பிரிந்ததாக இருக்க வேண்டும். மேலே வடக்கு, கீழே தெற்கு என்ற சாதாரண வட்டக் காந்தத்தை ஒட்டினால் அளவு ஆடிக்கொண்டே இருக்கும், ஒரு திசையும் கிடைக்காது. சில்லுக்கும் காந்தத்துக்கும் 0.5 முதல் 3 மி.மீ. இடைவெளி. போர்டிலேயே கேட்கலாம்: நிலைப் பதிவேட்டில் காந்தம் இருக்கிறதா, பலம் போதவில்லையா, மிஞ்சிவிட்டதா என்று மூன்று பிட் உண்டு. 3.3 வோல்ட்டில் தானியங்கிப் பெருக்க எண் 0 முதல் 128 வரை வரும், 64 பக்கம் நிற்கும்படி இடைவெளியை அமைத்தால் நிம்மதி. சுழலும் திசையை முடிவுசெய்யும் டிஐஆர் காலைத் தரையோடு சேர்க்க மறக்கக்கூடாது. அந்தரத்தில் விட்டால் நினைத்தபோது திசையைத் திருப்பிப் படிக்கும். அச்சு எஃகாக இருந்தால் காந்தப்புலத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். அலுமினிய ராடு சொன்னது இதற்காகவும்தான்.

எம்பியு6050 பெட்டிக்குள், ஏஎஸ்5600 உத்தரத்தில், நடுவே 2.5 மீட்டர் வயர். சென்சார்கள் போர்டோடு பேசும் ஐஸ்கொயர்சி முறை இவ்வளவு தூரத்துக்கானது இல்லை, இருந்தாலும் ஓடவைக்கலாம். வயரின் கொள்திறன் சுமார் 125 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், மாட்யூலில் இருக்கும் 10 கே புல்அப் (சிக்னலை மேல்மின்னழுத்தத்துக்கு இழுக்கும் மின்தடை) மட்டும் இருக்கையில் சிக்னல் ஏற 1 மைக்ரோவிநாடிக்கு மேல் ஆகும், 100 கிலோஹெர்ட்ஸுக்கே அது அதிகம். 2.2 கே போட்டால் 0.23 மைக்ரோவிநாடி, 400 கிலோஹெர்ட்ஸும் தாங்கும். தரவு வயரான எஸ்டிஏவையும் கடிகார வயரான எஸ்சிஎல்லையும் ஒன்றோடொன்று முறுக்கக்கூடாது, இரண்டையும் தனித்தனியே தரை வயரோடு முறுக்குங்கள். சென்சார்களைப் படிப்பது 3.3 வோல்ட் ப்ரோ மைக்ரோ போர்டு என்பதால் மின்னழுத்தம் மாற்றும் வேலை இல்லை. முகவரி மோதலும் இல்லை: ஒன்று ஹெக்ஸில் 36, இன்னொன்று 68.

எம்பியுவில் இரண்டு அமைப்புகள் அநியாயமாகக் கெடுக்கும். கைரோ எல்லை இயல்பாக விநாடிக்கு 250 டிகிரி. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்தால் அதைத் தாண்டிவிடும், தாண்டிய பகுதி கணக்கில் வராது. 500-லோ 1000-லோ வையுங்கள். உள்வடிகட்டியைச் சிலர் 5 ஹெர்ட்ஸில் வைத்த நிரலை அப்படியே எடுத்து ஒட்டுகிறார்கள். படம் வழவழவென்று இருக்கும், ஆனால் 18.6 மில்லிவிநாடி தாமதம், அதாவது ஒரு முழுப் படத்துக்கு மேல். 188 ஹெர்ட்ஸ் அமைப்பில் 1.9 மில்லிவிநாடிதான்.

விநாடிக்கு 500 முறை படித்து, கைரோவையும் கம்பியையும் இப்படிக் கலக்கலாம்: புதிய திருப்பம் = 0.999 × (பழைய திருப்பம் + கைரோ வேகம் × 0.002) + 0.001 × கம்பிக் கோணம். முதலில் 0.98, 0.02 என்று போட்டபோது கம்பியின் அந்த 1 டிகிரி ஆட்டம் நேராகப் படத்துக்கு வந்தது. தலையை நிறுத்தியபின் உலகம் ஒரு துளி பின்னுக்கு இழுத்து நிற்கும், வயிற்றைப் புரட்டும். 0.98 என்றால் பத்தில் ஒரு விநாடியில் கம்பி சொல்வதற்கு இணங்கிவிடுகிறது, 0.999 என்றால் 2 விநாடி எடுத்துக்கொள்கிறது. வேகமான அசைவு கைரோவிடமிருந்து, உண்மையான திசை கம்பியிடமிருந்து. கைரோவின் 0.02 டிகிரிப் பொய் இப்போது சேர்வதற்கு இடமில்லை, அதிகம் போனால் 0.04 டிகிரியில் நின்றுவிடும், அது ஒரு புள்ளிக்கும் குறைவு.

இந்தச் சூத்திரத்தை எழுதும் எல்லோரும் ஒருமுறை மாட்டும் இடம்: 4095-க்கு அடுத்தது 0. கம்பி 359 டிகிரியும் கைரோக் கணக்கு 1 டிகிரியும் சொன்னால், வித்தியாசம் 2 என்று மனிதனுக்குத் தெரியும், சூத்திரத்துக்கு 358. உலகம் முழு வட்டம் மெல்லச் சுற்றத் தொடங்கும். நேரடியாகக் கலக்காமல் வித்தியாசத்தை எடுத்து, அது 180-ஐத் தாண்டினால் 360 கழித்து, -180-க்குக் கீழே போனால் 360 கூட்டி, பிறகு 0.001-ஆல் பெருக்கிச் சேருங்கள்.

மொத்தத் தாமதத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். போனில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் போதும். பெட்டியையும் அதன் திரையையும் ஒரே சட்டத்தில் பிடித்து, பெட்டியைச் சட்டென்று தட்டிவிட்டு, பெட்டி அசைந்த படத்திலிருந்து திரை அசைந்த படம் வரை எண்ணினால் ஒவ்வொன்றும் 4.2 மில்லிவிநாடி. மூன்று பஃபரோடு (திரைக்குப் போகும் முன் படம் காத்திருக்கும் இடங்கள்) 17 படம், சுமார் 71 மில்லிவிநாடி. இரண்டு பஃபருக்கு மாற்றியதும் 11 படம், 46. இன்றைய கடைப்பெட்டிகளோடு ஒப்பிட்டால் இது மோசம்தான். ஸ்டூலில் உட்கார்ந்து கோயில் பிராகாரத்தைச் சுற்றிப் பார்க்கிற அளவுக்குப் போதும், பந்து பிடிக்கப் போதாது.

கையுறை

கை இல்லாத உலகம் பயாஸ்கோப்புப் பெட்டிதான். 1977-ல் சிகாகோவில், இல்லினாய் பல்கலைக்கழகத்தில், ரிச்சர்ட் செய்ர் சொன்ன யோசனையை வைத்து டேன் சாண்டினும் டாம் டிஃபான்ட்டியும் செய்த கையுறையில், விரல்மேல் வளையும் குழாய், ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் ஒளி உணரி. விரலை மடக்கினால் வெளிச்சம் குறையும். பின்னால் வந்த, விபிஎல் நிறுவனத்தின் டேட்டாகிளவ் இதையே ஒளியிழையில் நேர்த்தியாகச் செய்தது. 1989-ல் மேட்டல் விற்ற பவர் கிளவ் 100 டாலருக்குள் வந்ததற்குக் காரணம், ஒளியை விட்டுவிட்டு மின்தடை மை பூசிய பட்டைகளுக்கு மாறியது. சுண்டுவிரலை விட்டுவிட்டு நான்கு விரல், ஒவ்வொன்றுக்கும் நான்கே நிலை. அந்த நான்கு நிலையை வைத்தே 1990-களின் தொடக்கத்தில் வீட்டு விஆர்காரர்கள் அதை கணினியின் பிரிண்டர் போர்ட்டில் சொருகி, டேவ் ஸ்டாம்பும் பெர்னி ரோலும் எழுதிய ரெண்ட்386 நிரலில் 386 கணினியிலேயே உலகம் கட்டினார்கள்.

நமக்குச் செய்ர் வழியே மலிவு. மருந்துக் கடையில் புது ட்ரிப்ஸ் ட்யூப் (பயன்படுத்தியதைத் தொடவே வேண்டாம்), ஆள்காட்டி விரலுக்கு 9 செ.மீ. ஒரு முனையில் 3 மி.மீ. இன்ஃப்ராரெட் எல்இடி, மறுமுனையில் 3 மி.மீ. ஃபோட்டோ டிரான்சிஸ்டர், மேலே கறுப்பு ஹீட் ஷ்ரிங்க். எல்டிஆர் (வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும் மின்தடை) வேண்டாம், வெளிச்சம் குறைந்ததை அது உணர்வதற்குள் விரல் மடங்கி நிமிர்ந்துவிடும். எல்இடிக்கு 5 வோல்ட்டிலிருந்து 390 ஓம் வழியே சுமார் 10 மில்லிஆம்பியர். நான்கு விரலுக்கும் ப்ரோ மைக்ரோவின் ஆர்ஏடபிள்யூ முனையிலிருந்து (யுஎஸ்பியின் 5 வோல்ட் வரும் இடம்) எடுங்கள், சிக்னல் கால்களிலிருந்து வேண்டாம். டிரான்சிஸ்டருக்கு 3.3 வோல்ட்டுக்கு 10 கே. ட்யூப்லைட் போட்டதும் அளவு விநாடிக்கு 100 முறை நடுங்கினால் கறுப்பு உறையில் எங்கோ ஓட்டை.

குழாயை இரண்டு முனையும் தைத்துவிடாதீர்கள். ஒரு மூட்டை 90 டிகிரி மடக்கும்போது விரலின் மேல்தோல் ஒன்றரை செ.மீ. அளவுக்கு நீள்கிறது, குழாய் நீளாது. புறங்கைப் பக்கம் தைத்து, விரல் நுனிப்பக்கம் துணி வளையத்துக்குள் வழுக்க விட்டால் எல்இடி பிடுங்கிக்கொண்டு வராது. பயன்படுத்தும் முன் ஒருமுறை விரலை முழுக்க நீட்டியும் ஒருமுறை முழுக்க மடக்கியும் எண்ணைப் பதிந்துகொள்ள வேண்டும். கையுறையைச் சுருட்டி வைத்தால் குழாய் அந்த வளைவை நினைவு வைத்துக்கொண்டு மறுநாள் நீட்டிய கையையே பாதி மடக்கியதாகச் சொல்லும். விரல்கள் கீழே பார்க்க ஆணியில் மாட்டிவிடுங்கள்.